ஈரறிவுயிரும் ஆறறிவுயிரும்: கரைவாழ் நத்தையொன்று எழுப்பும் அறவினா

உயிர்களை அவற்றின் அறிவுத் தொகை கொண்டு வகுத்துக் காணும் மரபு தமிழில் மிகத் தொன்மையானது. தொல்காப்பியத்து மரபியல், உற்றறியும் ஓரறிவு மட்டுமே உடைய புல்லும் மரமும் தொடங்கி, மனம் என்னும் ஆறாவது அறிவினைப் பெற்ற மக்கள் ஈறாக உயிர்த்தொகுதியை ஆறு படிகளாக நிரற்படுத்துகின்றது. அந்நிரலில் நந்து எனப்படும் நத்தையினம் இரண்டாம் படியிலே, ஊற்றுணர்வும் சுவையுணர்வும் மட்டுமே உடைய ஈரறிவுயிராக வைக்கப்பட்டுள்ளது. இது புலன்களின் தொகை பற்றிய பாகுபாடேயன்றி வாழ்வதற்குரிய தகுதி பற்றிய பாகுபாடன்று. எனினும், ஆறறிவு படைத்தவன் என்னும் தொடர் உலக வழக்கிற் பெரும்பாலும் ஓர் உரிமைக் குரலாகவே ஒலிக்கின்றது. அறிவிற் கூடியது அறிவிற் குறைந்ததைத் தன் தேவைக்கேற்ப நடத்தலாம் என்னும் எண்ணம் அத்தொடருக்குள்ளே மறைந்து நிற்கின்றது. அவ்வெண்ணம் அறத்தின்பாற்பட்டதா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இவ்வினா வெறும் ஏட்டுவினா அன்று. கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில், வட அத்திலாந்திக்குக் கரையோரங்களில், கட்டைவிரல் நுனியளவேயான ஒரு நத்தையின் வாழ்வும் அழிவும் மீட்சியும் இவ்வினாவைக் கண்கூடாக எழுப்பியுள்ளன. அந்நத்தையின் வரலாற்றை முதலில் நோக்குதல் பொருத்தமானது.

விஞ்ஞானிகள் நியூசெல்லா லபில்லஸ் எனப் பெயரிட்டுள்ள இவ்வுயிரினம் ஆங்கிலத்தில் 'டொக் வெல்க்' என வழங்கப்படுகின்றது. வசதி கருதி இக்கட்டுரையில் இது பாறைநத்தை எனப்படும். போர்த்துக்கல் தொடக்கம் நோர்வேயின் வடபகுதி வரையும், ஐசுலாந்திலும், வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும், வற்றுப்பெருக்கினால் நாள்தோறும் மூடப்பட்டும் வெளிப்பட்டும் வரும் பாறைக் கரைகளே இதன் உறைவிடம். ஓட்டின் நீளம் பொதுவாக மூன்று சதம மீற்றர் அளவினது. வெண்மை, சாம்பல், மஞ்சள், கபிலம் எனப் பல நிறங்களில் அமைந்த ஓடுகளும், நிறப்பட்டைகள் சூழ்ந்த ஓடுகளும் ஒரே கரையிற் காணப்படுதலுண்டு. ஓட்டின் அமைப்போ இடத்துக்கேற்ப மாறுபடும். அலை மோதும் கரையில் வாழ்வன பாறையைப் பற்றிக்கொள்ளும் பொருட்டு அகன்ற வாயும் பெரிய பாதமும் உடையன. அலை குறைந்து நண்டுகள் மிகுந்த கரையில் வாழ்வன தடித்த ஓடும் ஒடுங்கிய வாயும் உடையன.

இந்நத்தை ஊனுண்ணும் உயிராகும். பாறைகளிலும் படகுகளின் அடிப்புறத்திலும் பற்றி வளரும் கொட்டலசும், மட்டியும் இதன் உணவு. பாதத்திலுள்ள ஓர் உறுப்பு சுரக்கும் நீரினால் இரையின் ஓட்டை மெதுவாக்கி, அரம் போன்ற நாக்கினாற் சுரண்டித் துளையிட்டு, துதிக்கை போன்ற வாயுறுப்பை உட்செலுத்தி உண்ணும். ஒரு மட்டியைத் துளைத்து உண்டு முடிப்பதற்கு நாட்கணக்காகும். இவ்வளவு மந்தமான உயிர் கரையின் ஒழுங்கில் என்ன மாற்றத்தைச் செய்துவிடக்கூடும் எனச் சிலர் கருதலாம். ஆயின், பாறைக் கரையில் வாழும் உயிர்களிடையே நிகழும் போட்டி பெரும்பாலும் இடத்துக்கான போட்டியே. கொட்டலசும் மட்டியும் தடையின்றிப் பெருகுமாயின் பாறை முழுவதையும் மூடிவிடும். அவற்றைத் தின்னும் நத்தைகள் ஆங்காங்கே பாறையை வெறுமையாக்க, அவ்விடத்திலே பாசிகளும் பிற சிற்றுயிர்களும் குடியேறுகின்றன. கரையின் பன்மைக்கு இந்நத்தையும் ஒரு காரணியாதல் இதனாற் பெறப்படும்.

இதன் இனப்பெருக்க முறையும் கருதத்தக்கது. கடல்வாழ் நத்தைகள் பலவற்றின் குஞ்சுகள் நீந்தும் குடம்பிகளாக நீரோட்டத்தில் நெடுந்தூரம் பரவுகின்றன. பாறைநத்தைக்கு அத்தகைய பருவம் இல்லை. பெண் நத்தை, தானியமணி அளவினவான முட்டையுறைகளைப் பாறை இடுக்குகளில் ஒட்டி வைக்கின்றது. உறையொன்றினுள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருப்பினும் அவற்றுட் பெரும்பாலானவை கருவுறாதவை. வளரும் சிலவற்றுக்கு அவையே உணவாகின்றன. சில மாதங்களின் பின் உறையிலிருந்து வெளிவருவன ஊர்ந்து செல்லும் சிறு நத்தைகளே. அவை பிறந்த பாறைக்கு அணித்தாகவே வாழ்நாள் முழுவதையும் கழிக்கின்றன. எனவே, ஒரு கரையில் இவ்வினம் அற்றுப்போகுமாயின், அயற்கரையிலிருந்து மீண்டும் வந்து குடியேறுவதற்கு நெடுங்காலம் செல்லும்.

இவ்வாறு தன் பாறையைவிட்டு அகலாது வாழ்ந்த உயிருக்கு வந்த கேடு கப்பற் பூச்சிலிருந்து வந்தது. கப்பலின் அடிப்புறத்திற் கொட்டலசும் பாசியும் படிந்தால் வேகம் குறையும். எரிபொருட் செலவு மிகும். இதனைத் தவிர்ப்பதற்கு முன்னாளிற் செப்புச் சேர்ந்த பூச்சுகள் பயன்பட்டன. 1960களிலிருந்து திரைபியூற்றைல் வெள்ளீயம் என்னும் சேர்வை கலந்த பூச்சுகள் பரவலாயின. அவை மிகச் சிறந்த பயனளித்தன. ஆனாற் பூச்சிலிருந்து கசிந்த நஞ்சு கப்பலோடு நின்றுவிடவில்லை.

1970இல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்பகுதியில் ஆய்வு நடத்திய பிளேபர் என்பார், பெண் பாறைநத்தைகள் சிலவற்றின் வலது உணர்கொம்பின் பின்னே ஆண்குறியை ஒத்த வளர்ச்சியொன்று இருப்பதைப் பதிவுசெய்தார். அதனையடுத்து ஐக்கிய அமெரிக்காவிலே சேற்றுக்கரை நத்தையொன்றில் இதே நிலையைக் கண்ட சிமித் என்பார் அதற்கு 'இம்போசெக்ஸ்' எனப் பெயரிட்டார். பெண்ணின்மீது ஆணுறுப்புச் சுமத்தப்படும் நிலை என்பது அதன் கருத்து. 1981இல் அவரே, படகுத்துறைகளிற் பயன்பட்ட வெள்ளீயப் பூச்சே இதற்குக் காரணம் என எடுத்துக்காட்டினார். 1986இல் பிறயன், கிப்ஸ் முதலியோர் தென்மேற்கு இங்கிலாந்தின் கரைகளிற் பாறைநத்தைகள் அருகி வருவதையும், அதற்கும் இந்நஞ்சே காரணமாதலையும் விரிவாக நிறுவினர். பெண்ணின் உடலில் வளரும் விந்துக்குழாய், முட்டையுறை வெளியேறும் வாயிலை அடைத்துவிடுகின்றது. வெளியேற்ற முடியாத உறைகள் உள்ளேயே திரண்டு, ஈற்றில் அப்பெண் நத்தை இறந்துபடுகின்றது. நூறு கோடி லீற்றர் நீரிலே ஏறத்தாழ ஒரு கிராம் வெள்ளீயம் என்னும் அளவே இம்மாற்றத்தைத் தோற்றுவிப்பதற்குப் போதுமானது. கடற்கரையில் நிற்பவன் கண்ணுக்கு நீர் தெளிந்தே இருக்கும். நத்தைகள் பாறையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த தலைமுறை மட்டும் தோன்றாது.

இங்கே எழும் முதலாவது அறவினா எண்ணம் பற்றியது. படகுக்குப் பூச்சுப் பூசியவன் எவனும் நத்தையை அழிக்க எண்ணியவன் அல்லன். அத்தகைய ஓர் உயிர் இருப்பதையே அவன் அறியாதிருந்திருக்கலாம். எண்ணாது விளைந்த தீங்கு தீவினையாகுமா? இவ்வினா பண்டைய இந்திய மெய்யியலிற் பௌத்தருக்கும் சமணருக்குமிடையே நெடிய வழக்காக நிகழ்ந்ததாகும். வினையெனப்படுவது சேதனையே, அதாவது எண்ணமே, எனப் பௌத்தம் கொண்டது. சமணமோ, எண்ணமின்றி நேரும் ஊறும் முற்றாகக் கழிந்துவிடுவதில்லை எனக் கொண்டு, நடக்கும் வழியை மயிற்பீலியாற் பெருக்கிச் செல்லும் ஒழுக்கத்தைத் துறவியர்க்கு விதித்தது. இவ்விரு கொள்கைகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், பாறைநத்தையின் வரலாற்றில் ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு. காரணம் அறியப்படுவதற்கு முன்னர்ப் பூச்சுப் பூசியவன் பழிக்குரியவன் அல்லன் என்பதைப் பௌத்த நெறி தெளிவாக்குகின்றது. ஆனால், பழியில்லை என்பதனாற் பொறுப்பும் இல்லையென ஆகாது. காலடி வைக்குமுன் நிலத்தை நோக்குக என்னும் சமண நெறி, நஞ்சினைக் கடலிற் கலக்குமுன் அது எங்குச் செல்லும் என நோக்கும் கடமையை உணர்த்துகின்றது.

நல்லெண்ணமும் தீங்கு விளைக்கும் என்பதற்கு அதே தென்மேற்கு இங்கிலாந்தின் கரையே பிறிதொரு சான்று தருகின்றது. 1967இல் 'டொரி கன்யன்' என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி உடைந்தபொழுது, கோண்வால் கரைகளைத் துப்புரவாக்கும் நோக்குடன் பெருந்தொகையான அழுக்ககற்றும் இரசாயனங்கள் கொட்டப்பட்டன. தொப்பி போன்ற ஓட்டையுடைய 'லிம்பெட்' நத்தைகளை எண்ணெயைக் காட்டிலும் அவ்விரசாயனங்களே மிகுதியாகக் கொன்றன. பாசியை மேயும் அந்நத்தைகள் மடிந்ததும் பாறைகள் பச்சைப் பாசியால் மூடப்பட்டன. மிகுதியாக மருந்திடப்பட்ட கரைகள் பழைய ஒழுங்குக்கு மீளப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. கரையைக் காக்க விரைந்தவர்களின் எண்ணம் தூயதே. குறை அவர்களது அறிவிலே இருந்தது.

எனவே, அறிவு பிறக்கும் கணமே அறத்தின் நிலை மாறும் கணம் எனலாம். காரணம் நிறுவப்பட்ட நாளுக்கு முந்திய பூச்சும் பிந்திய பூச்சும் செயலால் ஒன்றாயினும் அறத்தால் ஒன்றல்ல. இவ்வளவைக்கொண்டு பார்க்குமிடத்து, அறிந்த பின்னர் மனிதர் எவ்வளவு விரைவிற் செயற்பட்டனர் என்னும் வினா முதன்மை பெறுகின்றது.

முதலிற் செயற்பட்ட நாடு பிரான்சு. 1982இல் அந்நாடு 25 மீற்றருக்குக் குறைந்த நீளமுடைய படகுகளுக்கு இப்பூச்சைத் தடைசெய்தது. ஆனால் அத்தடைக்குக் காரணம் நத்தையன்று. ஆர்க்கஷோன் குடாவில் வளர்க்கப்பட்ட சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்து தடித்தன. குஞ்சுகள் தோன்றாமற் பல ஆண்டுகள் கழிந்தன. சிப்பி வளர்ப்போரின் பிழைப்பு நலிந்தது. 1987இற் பிரித்தானியாவும் சிறு படகுகளுக்கு இப்பூச்சை விலக்கியது. பெருங் கப்பல்கள் பற்றிய அனைத்துலக உடன்படிக்கை 2001இலேயே நிறைவேறி, 2008இலேயே நடைமுறைக்கு வந்தது. காரணம் நிறுவப்பட்டதற்கும் முழுத்தடைக்குமிடையே கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்தது. சிப்பியின் அழிவு சந்தையில் உணரப்பட்டது. நத்தைக்குச் சந்தை இல்லை. சிப்பிக்குக் கிடைத்த காப்பின் நிழலிலேயே நத்தை தங்க நேர்ந்தது.

இஃது இரண்டாவது வினாவுக்கு இட்டுச் செல்கின்றது. மனிதனுக்குப் பயன்படுவதனாலேதான் ஓர் உயிர் காக்கப்பட வேண்டுமா? விலங்குகளுக்குச் செய்யும் கொடுமை, செய்பவனது உள்ளத்தை வன்மையாக்கி மனிதரிடத்தும் அவனைக் கொடியவனாக்கும். ஆதலின் அது தவிர்க்கத்தக்கது என இமானுவேல் கான்ற் கருதினார். அவர் கொள்கையில் விலங்குபற்றிய கடமை உண்மையில் மனிதர்பற்றிய கடமையே. இக்காலத்திற் பாறைநத்தைக்காகப் பரிந்து பேசுவோரும் அது கடலின் நஞ்சினை முன்னறிவிக்கும் கருவி என்னும் நியாயத்தையே பெரிதும் எடுத்துரைக்கின்றனர். அந்நியாயம் உண்மையானதே. ஆனால் அதிலே ஓர் இடர் உண்டு. அந்நஞ்சினை நத்தையினும் நுட்பமாக அளக்கும் இயந்திரம் ஒன்று நாளை வருமாயின் நத்தைக்காகப் பேச ஒன்றும் எஞ்சாது. பயனை மட்டும் அடிப்படையாகக்கொண்ட காப்பு, பயன் தீர்ந்ததும் தீர்ந்துவிடும்.

பயனை விடுத்து நோவுணர்ச்சியை அளவுகோலாகக் கொள்வோரும் உளர். உயிர்கள் சிந்திக்கவல்லனவா என்பதன்று, துன்புறவல்லனவா என்பதே வினா என்னும் கருத்தை 1789இற் பெந்தாம் வெளியிட்டார். அவ்வழிவந்த பீற்றர் சிங்கர் 1975இல் வெளியிட்ட நூலின் முதற் பதிப்பில், அறக்கவனத்தின் எல்லையை இறாலுக்கும் சிப்பிக்குமிடையே ஓரிடத்தில் வகுத்தார். பாறைநத்தை அவ்வெல்லைக்கு எப்புறத்தது? நண்டின் வாடை கலந்த நீரை அது உணர்கின்றது; உணர்ந்ததும் இரைதேடலைக் குறைத்துக்கொள்கின்றது; அத்தகைய நீரில் வளர்வன தடித்த ஓட்டினை ஆக்கிக்கொள்கின்றன. உணர்கொம்புகளில் ஒளியை உணரும் சிறு கண்களும் அதற்குண்டு. பண்டையோர் கணித்த ஈரறிவுக்கு மேலான உணர்வுகள் அதனிடம் உள. ஆயினும், இந்நத்தைகளின் அழிவிலே நோவு மையமான கேடு அன்று. ஓர் இனத்தின் பெண்கள் மலடாகி, பிறக்க வேண்டியவை பிறவாமற் போயின. பிறவாத நத்தை துன்புறுவதில்லை. நோவினை மட்டும் எடைபோடும் தராசு இவ்விழப்பை எடைபோடாது. ஆகவே, தன் இயல்பின்படி வாழ்ந்து தன் வழியைத் தொடர்தல் ஒவ்வோர் உயிர்க்கும் உரிய நன்மை என்பதையும், அதனைக் காரணமின்றித் தடுத்தல் தீங்கு என்பதையும் ஏற்றாலன்றி இந்நிகழ்ச்சியின் முழுப்பொருள் விளங்காது.

அந்நன்மையை மனிதன் முழுவதும் அளந்தறிய முடியாது என்பதற்குக் கென்ற் மாகாணத்து டம்ப்டன் கரையில் நிகழ்ந்தது சிறந்த உதாரணம். அங்கு வாழ்ந்த பாறைநத்தைகளுட் சில, ஆணுறுப்புச் செவ்வனே வளராத பரம்பரைக் குறையொன்றை உடையனவாயிருந்தன. அக்குறையுடைய ஆண்கள் இனப்பெருக்கத்துக்குத் தகுதி குறைந்தவை. ஆனால் அதே குறையை உடைய பெண்களில் நஞ்சு ஆணுறுப்பை வளர்க்க முடியவில்லை. முட்டை வாயில் அடைபடவில்லை. அயற்கரைகளில் இனம் அழிந்தபொழுதும் அங்கே அது பிழைத்தது. குறையென்று எவரும் கணித்திருக்கக்கூடியதே இனத்தைக் காத்தது. எது பயனுள்ளது, எது பயனற்றது எனத் தீர்ப்பளிக்கும் தகுதி மனிதனுக்கு எவ்வளவு குறைவு என்பதை இது காட்டுகின்றது.

இக்கொள்கைக்கு வலிய மறுப்பு ஒன்றுண்டு. வெள்ளீயப் பூச்சு வீண் ஆடம்பரம் அன்று. அது எரிபொருளைச் சேமித்தது. கப்பற் புகையைக் குறைத்தது. பண்டங்களின் ஏற்றுமதிச் செலவைத் தாழ்த்தியது. கடலை நம்பிப் பிழைப்போரின் உழைப்பையும் அது எளிதாக்கியது. மனிதரின் உணவையும் தொழிலையும் நத்தையின் பொருட்டுத் துறக்கவேண்டுமா என வினவுவோரை அறமற்றோர் என ஒதுக்கிவிட முடியாது. வாழ்வென்பதே பிறவுயிர்க்கு ஓரளவு ஊறு செய்தே நடைபெறுவது. பாறைநத்தையும் மட்டியைத் துளைத்தே வாழ்கின்றது. எனவே, ஊறு சிறிதும் கூடாதென்பது அறநெறியன்று. அது நடைமுறைக்கு ஒவ்வாத விருப்பமே.

ஆனால் மட்டியைத் துளைக்கும் நத்தைக்கும் கடலில் நஞ்சைக் கலக்கும் மனிதனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நத்தை தன் செயலின் விளைவை அறியாது. மாற்றுவழி தேடவும் இயலாது. மனிதன் அறியவும் தேடவும் வல்லவன். ஆற்றல் பெருகுமளவுக்குப் பொறுப்பும் பெருகுகின்றது என்னும் கருத்தை ஜெர்மன் மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1979இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். அதன்படி, புதிய பொருளொன்றைக் கடலிற் கலப்பவனே அது தீதற்றது எனக் காட்டக் கடமைப்பட்டவன். தனக்கு நேர்ந்த கேட்டை நத்தை வந்து நிறுவவேண்டும் என எதிர்பார்த்தல் நீதியன்று. மேலும், பயனையும் இழப்பையும் ஒப்புநோக்கும் கணக்கில் நத்தையின் இழப்பும் ஓர் இலக்கமாக இடம்பெற வேண்டும். அறிந்தபின் கழிந்த ஆண்டுகளிலே கணக்கின் ஒரு பக்கம் வெறுமையாகவே விடப்பட்டது என்பதுதான் குற்றம்.

தடையின் விளைவுகளும் இதனை மெய்ப்பிக்கின்றன. சிறு படகுகளுக்கான தடைக்குப் பின்னர் பல கரைகளிற் பாறைநத்தைகள் படிப்படியாக மீண்டன. பெருங் கப்பல்கள் தொடர்ந்து வந்துசென்ற செற்லாந்துத் தீவுகளின் சலொம் வோ எண்ணெய்த் துறை போன்ற இடங்களிலோ, மீட்சி அனைத்துலகத் தடைவரை காத்திருக்கவேண்டியதாயிற்று. கப்பற் போக்குவரத்து நின்றுவிடவில்லை; வேறு பூச்சுகள் வந்தன. மாற்றுவழி இல்லையென்ற வாதம் மாற்றுவழி தேடப்படாத காலத்து வாதமாகவே முடிந்தது. ஆயினும் இதனோடு கடமை நிறைவுறவில்லை. மாற்றாக வந்த பூச்சுகளுட் பல செப்பினை நம்பியுள்ளன. அதன் விளைவுகளும் நோக்கப்பட வேண்டியனவே. துறைமுகச் சேற்றில் உறைந்த பழைய நஞ்சு, சேறு கிளறப்படும்பொழுது மீண்டும் வெளிப்படுகின்றது.

இன்று கரைவாழ் நத்தைகளை எதிர்நோக்கும் கேடுகள் இன்னும் பரந்தவை. கரியமிலவாயு மிகுதியாகக் கரைவதனாற் கடல்நீரின் அமிலத்தன்மை கூடி, ஓடு ஆக்கும் உயிர்களின் வேலை கடினமாகின்றது. கடல் வெப்பமடைவதனால் வாழிடத்தின் எல்லைகள் பெயர்கின்றன. பல்வகைப் பிளவும் இடுக்குமுடைய இயற்கைப் பாறைகளின் இடத்திலே வழுவழுப்பான கற்காரைச் சுவர்கள் எழுகின்றன. வெள்ளீயப் பூச்சின் கேட்டினைச் செய்தவர் சிலர். அவர்களைத் தடுப்பதற்கு ஒரு சட்டம் போதுமானதாயிருந்தது. இக்கேடுகளைச் செய்வோர் எண்ணிறந்தோர். ஒவ்வொருவரும் செய்வது மிகச் சிறிது. ஆயின், அறியாமை என்னும் நியாயம் இவற்றுக்கு இன்று கிடையாது. விளைவு அறியப்பட்டே செயல் தொடர்கின்றது. பௌத்தரின் அளவுகோலால் அளப்பினும், சமணரின் அளவுகோலால் அளப்பினும் இங்கே விடுதலை இல்லை.

தொகுத்து நோக்குமிடத்து, பாறைநத்தையின் வரலாறு ஆறறிவு என்னும் சொல்லுக்குப் புதியதொரு பொருளை வேண்டி நிற்கின்றது. ஈரறிவுயிர் தன் உரிமையை எடுத்துரைக்க மாட்டாது. பயனைக் காட்டிப் பேரம் பேசவும் மாட்டாது. தனக்கு நேர்ந்த கேட்டின் காரணத்தையும் அறியாது. அக்காரணத்தை அறியவல்லது ஆறாவது அறிவு ஒன்றே. அவ்வறிவு மனிதனை ஏனைய உயிர்களுக்கு மேலாக உயர்த்துகின்றது என்பது உண்மையாயின், அவ்வுயர்வு ஆள்வதற்குரிய உரிமையாக மட்டும் அமைதல் இயலாது; அறிந்ததன்பின் காலம் தாழ்த்தாது செயற்படும் கடமையாகவும் அமைதல் வேண்டும். மனம் உடையோர் என்னும் பெயருக்கு மக்கள் உரியராவது அக்கடமையை அவர்கள் ஏற்கும் அளவுக்கேயாகும்.